பச்சை வண்டிக்குத் தமிழ்நாட்டு நம்பர்

அந்த அலுவலகம் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று நான் எழுதப் போவதில்லை. வண்டிகளுக்கு நம்பர் கொடுக்கிற அலுவலகம், அவ்வளவுதான். அங்கே வேலை பார்க்கிறவர்களில் ஒருவரைக்கூடக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. என் ஆத்திரமே அதுதான். சிரித்த முகத்தோடு "உக்காருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லியே என்னைப் பதினோரு மாதம் அலைய விட்டார்கள்.

கார் என்னுடையது. என் பெயரில், என் சம்பளத்தில் வாங்கியது. பெங்களூருக்கு வெளியே, இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வரைபடம் போடும் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவுப் பொறியாளர் ஒருவர் ஓய்வுபெற்று மகனோடு இருக்க வெளிநாடு போனபோது, கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த அந்த வண்டியை என்னிடம் விற்றார். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பணக்கார வீட்டுப் பெண் கல்லூரிக்கு ஓட்டி வருவாளே, அந்த ரகம். குட்டை மூக்கு, உருண்டை விளக்கு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். என்னைவிட இரண்டு வயது மூத்தது. என்ஜினை இறக்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் படம் போட்டு, கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் செய்யச் சொல்லி, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதில் போட்டேன். பச்சை வண்ணம் அடித்ததும் நான்தான். அதற்குப் பிறகு இருபது வருடம் அதில்தான் வேலைக்குப் போனேன்.

ஓய்வுபெற்ற வருடம் அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. அக்காவைக் கச்சிராயபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா இறந்து இரண்டு வருடம், பிள்ளைகள் இல்லை. கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பாவும் போய்விட்டார். இரண்டு பேரும் ஏன் இரண்டு மாநிலத்தில் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. வீட்டைக் காலி செய்தேன். சாமான்கள் லாரியில் வந்தன. நானும் காரும் சேர்ந்து வந்தோம்.

கிளம்புவதற்கு முன்னால் கர்நாடகத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருந்தது. வண்டியின் பதிவுப் புத்தகம் கையால் எழுதியது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் சான்று வரும் என்றார்கள். ஒருவர் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் பேசியபடியே தட்டினார். அச்சடித்துக் கொடுத்த தாளை நான் சரிபார்க்கவில்லை. வரைபடம் போடுகிறவள் செய்யக்கூடாத தவறு அது. அந்த ஒரு தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அவர்களுடையது.

தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு முதல் முறை போன அன்று, ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்த ஒருவர் என் காகிதங்களைப் புரட்டினார்.

"வண்டி யாருதும்மா?"

"என்னுடையதுங்க."

"அதில்லம்மா, ஓனரு யாரு? சார் வரலீங்களா?"

"எந்த சார்?"

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயரையும் என் ஆதார் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டி செய்த வருடம் அவர் கண்ணில் பட்டது. சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னாம்மா, இத்த மியூசியத்துல இருந்து ஓட்டிக்கினு வந்தீங்களா?" இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் அன்று சிரித்தேன். முதல் நாள் எல்லோரும் சிரிப்போம்.

"அம்பது வருசம் தாண்டிடுச்சும்மா. வின்டேஜுலதான் போடணும்."

வின்டேஜ் பதிவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுக்கலாம். தினமும் ஓட்டக்கூடாது.

"எனக்கு அக்காவைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணுங்க. கரும்புக் காட்டுக்குப் போகணும். கடைக்குப் போகணும்."

"அதுக்கு ஒரு ஆட்டோ வச்சிக்கினு போங்கம்மா. இத்த வூட்டுல நிறுத்தி அழகு பாருங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் நின்றவருடைய காகிதத்தை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடத்தில் அவள் பேச்சு முழுக்க இந்தப் பக்கத்துப் பேச்சாகிவிட்டது.

"ஏண்டி, அத்த எவனுக்காச்சும் குடுத்துட்டு ஒரு புது வண்டி வாங்கினா இன்னா? அந்த ஆபீசு வாசப்படியில போய் நின்னுக்கினு இருக்கறதுக்கு உனக்கு இன்னா தலையெழுத்தா?"

"என் வண்டியை ஓட்டக்கூடாதுன்னு சொல்ல அவர் யாரு அக்கா?"

"ஆமா, அவரு யாரு. நீ யாரு. போ, போய் சாப்புடு."

நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை உரிமையாளர் விரும்பினால் வின்டேஜாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதுதான் நான் புரிந்துகொண்டது. விரும்பினால். நான் விரும்பவில்லை. அந்தப் பக்கங்களை அச்செடுத்து, வரிக்கு அடியில் கோடு போட்டு, அடுத்த வாரத்திலிருந்து வாராவாரம் அதே ஜன்னலில் நீட்டினேன். அவர் படிக்கவில்லை. ஐந்தாம் வாரம், "நீங்க வக்கீலாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. படிக்கத் தெரிந்தவள்."

குரலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன் போல. உள்ளே இருந்து கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். அந்தக் காகிதத்தை அவர் நின்றபடியே படித்து, "அம்மா சொல்றது கரெக்ட்டுதான்யா. சாதாவாவே போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்கு ஏன் நான் ஐந்து வாரம் நடந்தேன்? ஜன்னல்காரர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அப்ப வண்டிய எடுத்தாந்து பிரேக் இன்ஸ்பெக்டருகிட்ட காட்டுங்க" என்றார், அதைத்தான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி.

வண்டிகளைப் பரிசோதிக்கிற அதிகாரிக்கு இங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் பெயர். மூன்று முறை வண்டியை எடுத்துப்போனேன். முதல் முறை அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை கூட்டம். மூன்றாம் முறை வெயிலில் நான்கு மணி நேரம் நின்ற பிறகு, அவர் நேற்றிலிருந்தே விடுப்பு என்று சொன்னார்கள். காலையில் நான் வந்ததும் அதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீங்க கேக்கலியேம்மா" என்று பதில் வந்தது. வாசலில் புங்கமரத்தடியில் மேசை போட்டிருந்த புரோக்கர் அதைக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட குடுத்திருந்தா இந்நேரம் நம்பர் பிளேட்டு மாட்டிக்கினு போயிருப்பீங்கம்மா" என்றார். அவர் வருத்தமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. என் வண்டி, என் காகிதம், எனக்கு வாய் இருக்கிறது, கால் இருக்கிறது. நடுவில் ஒரு ஆள் எதற்கு?

நான்காம் முறை போனில் கேட்டேன். இன்ஸ்பெக்டர் கல்வராயன் மலையில் முகாமுக்குப் போகிறார், மலை ஜனங்களுக்கு லைசென்ஸ் போட, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.

"அவர் அங்கே வண்டி பார்ப்பாரா?"

"கேட்டா பாப்பாரு. ஆனா உங்க வண்டி எங்கம்மா மலை ஏறப்போவுது?"

போனை வைத்துவிட்டு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். ஆச்சரியம் என்னவென்றால், அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஊரைவிட்டு வெளியே போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். "ஏறாதுன்னு சொன்னானா?" என்று கேட்டாள். சொன்னான் என்றேன். ஊன்றுகோலைப் பின்சீட்டில் போட்டுவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அணை தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பமாகிறது. இரண்டாம் கியரில் ஏறினோம். வண்டி முனகியது, ஆனால் நிற்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வந்த பஸ்காரர் எங்களைப் பார்த்து ஒதுங்கி நின்று வழி விட்டார். பாதி மலையில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டதால் ஓரமாக நிறுத்தி, பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அங்கே பஸ்ஸுக்காக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் துணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவளும் முகாமுக்குத்தான் போகிறாள் என்று தெரிந்ததும் அக்கா, "பஸ்ஸு கீழ போவுதும்மா. அது திரும்பி வர்ற வரைக்கும் நிப்பியா, வா, ஏறு" என்றாள்.

அவள் தயங்கித் தயங்கி ஏறினாள். பையில் என்ன என்று அக்கா கேட்டாள். காகிதங்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், நர்ஸ் படிப்புக்குச் சேர வேண்டும், பழங்குடிச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

"எங்கப்பாருக்கு இருக்குதுங்க. எங்கண்ணனுக்கு இருக்குது. எம் பொண்ணுக்கு மட்டும் இல்லீங்களாம். அவ அப்பாரு ஊரு மலைக்கு அந்தாண்ட, அது வேற ஜில்லா. அங்க போய் வாங்குன்றாங்க. அங்க போனா, பொண்ணு பொறந்தது, படிச்சது எல்லாம் இந்தாண்டதான, அங்கியே கேளுன்றாங்க. மூணு வருசமா இப்பிடியே போய்க்கினு வந்துக்கினு இருக்கறங்க."

"மூணு வருசமா?" என்றாள் அக்கா.

"அவ ஒம்பதாவது படிக்க சொல்லவே ஆரம்பிச்சேங்க. முன்னாலியே கேட்டு வச்சிக்கலாம்னு."

 என் மூன்று மாதக் கதையை அவளிடம் சொல்ல வாயெடுத்தவள், அதை விழுங்கிவிட்டு என்ஜினைக் கிளப்பினேன்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வகுப்பறைகளில் துறைக்கு ஒரு மேசை. இன்ஸ்பெக்டர் இளம் வயது, முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். காரைக் கண்டதும் மேசையை விட்டு எழுந்தே வந்துவிட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் என்ஜின் மூடியைத் திறந்து எல்லாம் விளக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து மைதானத்தை இரண்டு சுற்று வந்தார். பிரேக் போடச் சொன்னார். போட்டேன். "அம்மா, புது வண்டியவிட ஜோரா புடிக்குது" என்றார். மலை ஏறியா வந்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த சேஸ் எண்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார். மேசைக்குத் திரும்பிச் சான்றோடு ஒப்பிட்டார். அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மா, வண்டியில ஒரு எடத்துல ஒண்ணுன்னு இருக்குது. சான்றுல ஏழுன்னு இருக்குது."

கர்நாடகத்தில் போனில் பேசியபடியே தட்டிய அந்த ஆள். கையெழுத்துப் புத்தகத்தில் ஒன்றுக்கு மேலே சின்னக் கொக்கி போட்டிருந்தார்கள். அவர் அதை ஏழு என்று தட்டியிருக்கிறார். பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அதே பக்கத்தில் எழுதியிருந்த உண்மையான ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு இருந்தது, இதற்கு இல்லை. இன்ஸ்பெக்டருக்கும் புரிந்தது.

"புரியுதும்மா. கண்ணுக்கு நேரா ஒண்ணுதான் தெரியுது. ஆனா பேப்பர்ல ஏழு. நான் கையெழுத்து போட்டா நாளைக்கி திருட்டு வண்டிக்கு நம்பர் குடுத்தான்னு என் வேலை போயிடும்."

திருட்டு வண்டி. அந்த வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. முப்பத்தோரு வருடம் நான் போட்ட கோடுகளில் ஒரு எண் தப்பினால் இரும்பு வீணாகும், மறுநாள் காலையில் மேலதிகாரி முன்னால் நான்தான் நிற்க வேண்டும். தப்பு செய்தவள் நிற்க வேண்டும், அதுதான் நியாயம். இங்கே தப்பாகத் தட்டியவர் எங்கோ நிழலில் உட்கார்ந்திருக்கிறார். சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நான் மலைமேல் திருடி மாதிரி நிற்கிறேன். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.  அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். "நீங்க அந்த ஆபீசுல போய் திருத்திக்கினு வந்துடுங்கம்மா. அன்னைக்கே நான் போட்டுத் தரேன்" என்றார்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் வராந்தாவில் உட்கார்ந்து காகிதங்களைத் திரும்பப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தாண்டை ஜில்லாவில் போய்க் கேள் என்றே மறுபடியும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மலை இறங்கினோம். அவளை அதே வளைவில் இறக்கிவிட்டு, என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

கர்நாடகத்துக்குப் பஸ்ஸில் போனேன். அந்த அலுவலகத்தில், சான்று கொடுத்துவிட்டதால் வண்டி இப்போது எங்கள் கணக்கில் இல்லை, தமிழ்நாட்டில்தான் திருத்த வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து கேட்டேன். வண்டி இன்னும் எங்களிடம் வரவில்லை, கர்நாடகத்தில்தான் திருத்த வேண்டும் என்றார்கள். அப்போது எனக்கு மலைக்கார அம்மாவின் குரல் கேட்டது. அங்க போனா இங்க, இங்க வந்தா அங்க. இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில், யார் கணக்கிலும் இல்லாமல், என் கார் அக்கா வீட்டு வேப்பமரத்தடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. பஞ்சாயத்துத் தண்ணீர் திறந்துவிடுகிறவர்கூட, "இன்னாம்மா, வண்டி செத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் முறை கர்நாடகத்துக்குப் போனபோது சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். ஜன்னலுக்கு நேராகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, திருத்தித் தரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று கன்னடத்தில் சொன்னேன். முதல் நாள் சாயங்காலம் பூட்டும்போது வெளியே அனுப்பினார்கள். மறுநாள் திறக்கும்போது முதல் ஆளாக நின்றேன். இரண்டாம் நாள் மத்தியானம், ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த ஒரு பெண் ஊழியர் என் எதிரே வந்து நின்று, "எந்த வருடத்துப் பதிவு?" என்று கேட்டார். சொன்னேன். புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு பழைய பதிவேட்டு அறைக்குள் போனார். ஒரு மணி நேரம் கழித்து, தலையெல்லாம் தூசியோடு ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் சேஸ் எண் தட்டச்சில் அடித்து ஒட்டியிருந்தது, கொக்கி இல்லாத சுத்தமான ஒன்று. அவரே மேலதிகாரியிடம் கொண்டுபோய்த் திருத்தக் கடிதம் வாங்கித் தந்தார். அவருக்கு நன்றி சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறிய பிறகு அந்த அழுகையை நினைத்து எனக்கே கோபம் வந்தது. ஒரு அலுவலகத்தில் ஒருவர் தன் வேலையைச் செய்ததற்காக ஐம்பத்தெட்டு வயதில் நான் ஏன் அழ வேண்டும்?

பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்ன சொல் தவறவில்லை. கடிதத்தைக் காட்டிய அன்றே கையெழுத்துப் போட்டார். நம்பர் வந்தது. மூன்று வாரம் கழித்துத் தபாலில் பதிவு அட்டையும் வந்தது. அக்காதான் உறையைப் பிரித்தாள். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். நம்பர் சரி. சேஸ் எண் சரி. வண்ணம் பச்சை. உரிமையாளர் பெயர் என் பெயர். அதற்குக் கீழே, இன்னாரின் மனைவி என்று இருந்தது. இன்னார் எங்கள் அப்பா.

நான் அதை மூன்று தடவை படித்தேன். விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். தந்தை பெயர் என்ற இடத்தில், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, என் கையால் அழகாக எழுதியிருந்தேன். மறுநாள் காலை அக்காவும் கூட வந்தாள். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். அதே ஆள். கண்ணாடி அதே நெற்றியில்.

"அட, சின்ன மிஸ்டேக்குதாம்மா இது. பொம்பளைங்கன்னா மனைவின்னுதான் போட்டுக்கினு வருவோம். வண்டி ஓட்டறதுக்கு இது இன்னா தடை? விடுங்க."

"இதைத் திருத்திக் கொடுங்க."

"திருத்தணும்னா புதுசா மனு போடணும். மறுபடி அட்டை அடிக்கணும். எதுக்கும்மா வீணா அலைச்சல்? வூட்டுல ஆம்பளைங்க யார்னா இருந்தா வரச் சொல்லுங்க, நான் பேசறேன்."

  அட்டையைப் பிடித்தபடி நின்றேன். அப்போது பின்னால் ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா வரிசையில் நின்ற அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு வந்து, என் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கி ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள்.

"ஏம்ப்பா, இதுல இன்னா எழுதியிருக்குது, படி."

அவர் படிக்கவில்லை.

"படின்றேன். படிக்க மாட்ட இல்ல? நான் சொல்றேன் கேளு. எங்கப்பனுக்கு என் தங்கச்சிய கட்டிக் குடுத்திருக்கற நீ. செத்துப்போன மனுசனுக்கு. பெத்த பொண்ண. இது உனக்கு சின்ன மிஸ்டேக்கா? உன் வூட்டு ரேஷன் கார்டுல உம் பொண்ண உனக்கு பொண்டாட்டின்னு எழுதிக்கினு வந்தா, விடுங்கன்னு சொல்லுவியா நீ?"

 வரிசையில் ஒருவர் "சரியா கேட்டீங்கம்மா" என்றார். அக்கா நிறுத்தவில்லை. இந்தக் காலோடு எத்தனை தடவை வருவேன், இவள் எத்தனை தடவை வந்தாள், ஒரு தடவையாவது இந்த வண்டி உன்னுடையது என்று அவளிடம் சொல்லியிருக்கிறாயா, வாயைத் திறந்தால் சார் எங்கே, ஆம்பளை எங்கே என்று கேட்கிறாயே என்று கேட்டுக்கொண்டே போனாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா உயிரோடு இருந்தபோது வாசலுக்கு வரும் ஆட்களோடுகூடக் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள்.

கண்காணிப்பாளர் வெளியே வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். "யாருய்யா இத்த என்ட்ரி போட்டது?" என்று கேட்டார்.  ஜன்னல்காரர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மனு எதுவும் இல்லாமலே திருத்தினார்கள். திருத்திய பக்கத்தை அச்சடித்து என்னிடம் காட்டினார்கள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். புது அட்டை பத்து நாளில் வந்தது.

அன்று வண்டியில் அக்காவோடு திரும்பினேன். கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும், "ஜாஸ்தியா பேசிட்டனாடி?" என்று கேட்டாள். "கம்மியாத்தான் பேசின அக்கா" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. இப்போதும் அந்த நாளை வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். பதினோரு மாதத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல்லும் எந்த ஜன்னலிலிருந்தும் வரவில்லை.

அட்டை வந்த வாரத்தில் மலைக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது. மகளுக்கு அந்த வருடம் படிப்பில் இடம் கிடைக்கவில்லை, சான்றிதழ் இல்லாததால். கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆனால் அடுத்த வருடத்துக்கு மறுபடி முயற்சி செய்ய வேண்டும், எனக்கு ஒரு மனு எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். தருகிறேன் என்றேன். அவள் அப்பா, அண்ணன் இருவருடைய சான்றிதழ்களின் நகலையும், பெண்ணின் பள்ளிச் சான்றுகளையும் வரிசைப்படுத்தி, எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று அவள் நினைவிலிருந்து சொன்னதையெல்லாம் ஒரு அட்டவணையாகப் போட்டேன். இரண்டு பக்கம் வந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றி அந்தாண்டை ஜில்லாவுக்கு ஓட்டிப்போனேன். முன்சீட்டில் அக்கா. அங்கே ஜன்னலில் இருந்தவர் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, தடித்த கோப்பையும் என்னையும் பார்த்தார்.

"நீங்க இவங்களுக்கு யாரும்மா?"

"வண்டி ஓட்டிட்டு வந்தவள்."

அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. மனுவை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, போய்ட்டு வாங்க, பார்க்கிறோம் என்றார். நாங்கள் நகரவில்லை. பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டாள், அம்மா இல்லை, மகள்.  அவர் முத்திரை குத்தினார். தேதி போடுங்க சார் என்றாள். போட்டார்.